துரையின் பந்துக்குப் பின்னால்

சென்ற மாதம் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்தார். விமான நிலையத்துப் பக்கம் வந்திருக்கும் புது மைதானத்தில் கோல்ஃப் கற்றுக்கொடுக்கிறவராம். சாயா குடித்து முடிப்பதற்குள் போனை எடுத்து, யாரோ ஒருவர் மட்டை வீசுவதை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். தோள் எங்கே திரும்புகிறது, இடுப்பு எங்கே நிற்கிறது என்று படத்தின் மேலேயே கோடு போட்டு வைத்திருந்தார்.

"இக்கா, நீங்க எத்தனையோ பேருக்குப் படிப்பிச்ச ஆளு. ஆட்டம் நன்னாகும்போ ஆளுங்க விட்டுப்போற தப்பு எதுன்னு சொல்லுங்க. என்கிட்ட வர்றவங்ககிட்டப் பறையணும்" என்றார்.

"தலையைத் தூக்குறது" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அது பொய்யில்லை. பந்தில் மட்டை படும் முன்பே அது எங்கே போகிறது என்று பார்க்கத் தலையைத் தூக்குகிறவர்கள் கொஞ்சம் தேறியதும் அதை விட்டுவிடுவார்கள். ஆனால் அவர் போன பிறகு எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. நான் சொல்லாமல் விட்ட ஒரு தப்பு இருந்தது. அதை நான் ஒரே ஒரு மனிதரிடம்தான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதரைப் பற்றி எழுதாமல் என் வேலையைப் பற்றி எழுத முடியாது.

நான் காசிம் ராவுத்தர். பாலக்காட்டுப் பக்கமிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. காயலுக்கு நடுவே ஒரு தீவில் வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த மைதானத்தில் புல்வெட்டச் சேர்ந்தேன். பிறகு மட்டைப் பை சுமந்தேன். கைவிடப்பட்ட ஒரு மட்டையால் நானாகவே ஆடிப் பழகினேன். ஐம்பதுகளின் நடுவில் என்னை மார்க்கர் ஆக்கினார்கள். கிளப்பில் ஆட்டம் கற்றுக்கொடுக்கிறவனுக்கு அன்று அதுதான் பெயர். இவ்வளவுதான் என் படிப்பு.

என்னை அந்த வேலையில் வைத்தவர் கிளப் செக்ரட்டரி ஹார்க்னஸ் துரை. யுத்தத்தில் ஒரு கால் கெட்டுப்போய், சற்றுச் சாய்ந்து நடப்பார். கோபித்து நான் பார்த்ததில்லை. பாராட்டியும் பார்த்ததில்லை. புதிதாக ஒருவர் மட்டை பிடிக்க வந்தால் துரை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காயலைப் பார்த்து நிற்பார். புது ஆள் கூச்சப்படக்கூடாது என்பதற்காக. பந்தில் மட்டை படும் சத்தத்தை வைத்தே எல்லாம் சொல்லிவிடுவார். "காசிம், தரையில் பட்டது" என்பார். "காசிம், பிடி இறுகியிருக்கிறது" என்பார். திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

அவர் எனக்குப் போட்ட சட்டம் ஒன்றுதான். ஒரு பாடத்துக்கு ஒரு பேச்சு. காலை மாற்று, கையைத் தளர்த்து, தலையைக் குனி என்று மூன்றையும் ஒருநாளில் சொல்லக்கூடாது. முதல் பாடத்தில் பந்தே கிடையாது. மட்டையை வீசிப் புல்லின் நுனியை மட்டும் தடவ வேண்டும். அடுத்ததில் ஒரு கயிற்றுத்துண்டைக் காலடியில் நீட்டிப் போடுவேன். நல்ல கயிறுக்கு நம் ஊரில் பஞ்சமா? அந்தக் கயிறு பார்க்கும் திசைதான் நீங்கள் பார்க்கும் திசை.

அந்தக் கயிறு எங்கள் தீவுக்கு ரொம்பத் தேவைப்பட்டது. வலப்பக்கம் முழுக்கக் காயல். பந்து தண்ணீரில் விழுமோ என்ற பயத்தில் எல்லோரும் இடப்பக்கம் திரும்பி நிற்பார்கள். அப்படி நின்று வீசினால் மட்டை பந்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும், பந்து வலப்பக்கம் வளைந்து நேரே தண்ணீருக்குத்தான் போகும். பயந்து இன்னும் இடப்பக்கம் திரும்புவார்கள். பந்து இன்னும் வளையும். தேறின பிறகுதான் காயலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நேராக நிற்க வரும். தென்னைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பந்தை இடுக்கு வழியாக அடித்துப் பேர் வாங்கப் பார்ப்பதும் அப்படித்தான். நாலைந்து முறை மரத்தில் பட்டுத் தன் காலடிக்கே திரும்பி வந்தால், பேசாமல் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுக்கும் புத்தி தானாக வந்துவிடும்.

இனி அனந்து சாமிக்கு வருகிறேன்.

அனந்தராமன் என்பது பெயர். மட்டாஞ்சேரியில் தேயிலை ஏலம் பார்க்கும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட் கிளார்க். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பாலக்காட்டு அக்ரஹாரத்து ஐயர். ஒருநாள் விடிகாலை முதல் போட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் ஊரில் படகை யாரும் படகு என்று சொல்வதில்லை, போட்டுதான்.

"ராவுத்தரே, நீர்தானே கோல்ஃப் களி படிப்பிக்கற ஆள்?" என்று கேட்டார், ஆட்டத்துக்கு அவர் பேச்சில் களி என்றுதான் பெயர். "எனக்கும் அது படிக்கணும் ஓய். சிரிக்காதேயும்."

நான் சிரிக்கத்தான் செய்தேன். நெற்றியில் விபூதியும், மடித்து வைத்த குடையும், நான் யார் என்று கேட்கவே மூன்று தரம் தொண்டையைச் செருமியதும் அப்படி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் மனைவி விசாலம் அம்மாவுக்கு மூச்சுமுட்டல். வீடு பண்டகசாலைகளுக்கு நடுவே. ஒருபக்கம் மிளகு, ஒருபக்கம் சுக்கு, எதிரே வற்றல் மிளகாய். பெண்கள் முறத்தில் புடைக்கத் தொடங்கினால் தெருவே தும்மும். அந்த அம்மாவுக்கோ அன்று முழுக்க நெஞ்சு விசில் அடிக்கும். பேசினால் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சைத் தேட வேண்டும். ஈரமில்லாத ஊருக்குக் கொண்டுபோனால் பிழைப்பாள், இங்கேயே இருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனிக்குக் கோயமுத்தூரில் ஒரு கிளை உண்டு. அங்கே இருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்புகிறார், இனி இந்தியர் ஒருவரைப் போடலாம் என்று பேச்சு. ஆனால் மேனேஜர் என்றால் தோட்டத்துத் துரைகளோடு சமமாகப் பழக வேண்டும். அவர்கள் வியாபாரம் பேசுவதோ கோல்ஃப் மைதானத்தில். மழைக்காலம் முடிந்ததும் கல்கத்தாவிலிருந்து டைரக்டர் வருவார், ஆளோடு ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்பார்.

"எனக்கு இந்தக் களியில ஒரு ஆசையும் இல்லை ராவுத்தரே. அவளுக்குச் சுவாசம் வேணும். அவ்வளவுதானாக்கும்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் முதல் போட்டில் இருவரும் சேர்ந்து போனோம். ஆபீஸ் நேரத்துக்குள் அவர் திரும்பிவிடுவார். விசாலம் அம்மா கூஜாவில் காப்பி கொடுத்துவிடுவார்கள். முதலில் ஒரு டம்ளர்தான் வந்தது. சாமி குடிப்பார், நான் காயலைப் பார்ப்பேன். ஒருநாள் கூஜாவோடு இரண்டு டம்ளர் வந்தது. சாமி இரண்டிலும் ஊற்றி ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். அந்தக் காப்பியின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் நிற்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் காப்பி குடித்துவிட்டேன், அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

கற்றுக்கொள்வதில் சாமி சமர்த்து. யாரோ வந்து பிடுங்கிக்கொள்வார் என்பது போல மட்டையை இறுக்கிப் பிடித்தார், சீக்கிரமே அதை விட்டார். பந்தை அள்ளித் தூக்கப் பார்த்தார், அதையும் விட்டார். "இது எந்தாக்கும் ஓய், நான் கிழக்கே அடிச்சா தெக்கே போறது?" என்று பந்தோடு சண்டை போட்டார். கயிற்றைப் போட்டுக் காட்டினேன், நின்று குனிந்து பார்த்துவிட்டு, "பந்து மேல தப்பில்லை" என்று ஒப்புக்கொண்டார். மழை தொடங்குவதற்குள் அவர் அடிக்கும் பந்து தென்னைகளைத் தாண்டித் தொலைவில் போய் விழுந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மழை ஓய்ந்த பிறகு, ஹார்க்னஸ் துரை வாரத்தில் ஒருநாள் அவரோடு ஆடிப் பார்க்கத் தொடங்கினார். அன்றுதான் என் பெருமை கப்பலேறியது. என்னோடு ஆடும்போது தொலைவில் போகிற பந்து, துரையோடு ஆடும்போது பாதி தூரத்தில் நின்றது. பிடியைப் பார்த்தேன், சரி. காலைப் பார்த்தேன், சரி. கயிற்றைப் போட்டேன், அதுவும் சரி. அடுத்த வாரமும் அதே கதை. எனக்குத் தலை சுற்றியது.

மூன்றாவது முறை ஆடி முடித்ததும் துரை என்னைத் தனியே கூப்பிட்டார். "காசிம், அவர் பந்து எங்கே விழுகிறது என்று பார்த்தாயா?"

"தூரம் போகவில்லை சார்."

"அதை நான் கேட்கவில்லை. ஒவ்வொரு குழியிலும் நான் முதலில் அடிக்கும்போது, அவர் பந்து என் பந்துக்கு ஓரடி பின்னால் விழுகிறது. நான் நன்றாக அடித்தால் அவரும் நன்றாக அடிக்கிறார். நான் சொதப்பினால் அவரும் சொதப்புகிறார். இவ்வளவு சரியாக அடிக்க எனக்குத் தெரியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருஷமாக ஆபீஸில் துரைமார்களுக்கு ஓரடி பின்னால் நடந்த மனிதர் அவர். கதவு வந்தால் நின்று வழிவிடுகிறவர். பந்தையும் அதே மரியாதையோடு நடத்திக்கொண்டிருந்தார். குழிக்குப் பக்கத்தில் வந்தாலும் அப்படித்தான். துரையைக் காக்க வைக்கக்கூடாது என்று, சரியாக நிற்காமலே அவசரமாகத் தட்டிவிட்டு, "ஸாரி சார்" என்பார்.

போட்டில் திரும்பும்போது கேட்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "மனசறிஞ்சு பண்ணலை ராவுத்தரே. சத்தியமா. கை தானே நின்னுடறது" என்றார். மட்டாஞ்சேரித் துறை வரும்வரை உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஹார்க்னஸ் துரை செய்த வைத்தியத்தை நான் எந்தப் பாடத்திலும் கேட்டதில்லை. பின்னால் கிடக்கும் பந்தை முதலில் ஆட வேண்டும் என்பது ஆட்டத்தின் முறை. துரையோ, "இன்று ஒவ்வொரு முறையும் நானே முதலில் ஆடுவேன்" என்று சொல்லிவிட்டார். மட்டையைப் பெரிதாக ஓங்கி, பந்தைப் பத்தடி தூரத்துக்கு உருட்டிவிட்டார். சாமி திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு எட்டடி தூரத்துக்கு உருட்டினார். துரை தன் பந்திடம் நடந்து போய் இன்னும் ஒரு பத்தடி. சாமி அவருக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம். இப்படியே இரண்டு எறும்பு போல அந்தப் பெரிய புல்தரையில் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். துரையின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, நமாஸில் நிற்பவர் போல அவ்வளவு கவனம். பை சுமந்துகொண்டு பின்னால் வந்த எனக்கு, சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு வலித்தது. காக்கை ஒன்று வந்து நடுவில் உட்கார்ந்து இவர்களை வேடிக்கை பார்த்தது.

பாதி தூரம்கூடப் போகவில்லை. சாமிக்குக் கழுத்து சிவந்தது. மட்டையைத் தரையில் ஊன்றி, "சார், இது கோல்ஃப் இல்லை!" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டார். தான் கத்தியது காதில் விழுந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இல்லைதான், மிஸ்டர் அனந்தராமன்" என்றார் துரை. "நீங்கள் காட்டுங்கள், எது கோல்ஃப் என்று." சொல்லிவிட்டுக் காயல் பக்கம் திரும்பி நின்றார்.

சாமி நின்றார். மூச்சை இழுத்தார். வீசினார். அந்தச் சத்தத்தை நான் இன்றும் கேட்கிறேன். பந்து துரையின் தலைக்கு மேலாகப் போய், குழி இருந்த மேட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. துரை முதுகைக் காட்டியபடியே, "ஆ" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அவ்வளவு பெரிய பாராட்டை நான் கேட்டதே இல்லை.

நோய் அதோடு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். நல்ல நாளில் முன்னால் விழும், சில நாள் பழையபடி பின்னால் பதுங்கும். இதற்கிடையில் விசாலம் அம்மாவுக்கு ரொம்ப முடியாமல் போய், நான்கு தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்று சாமி போட்டில் சொன்னார். கூஜா வருவது நின்றது. டைரக்டர் வந்து இறங்கினார்.

கல்கத்தா டைரக்டர் ஆஜானுபாகு. சிரித்துப் பேசுவார், ஆனால் கண் சிரிக்காது. ஹார்க்னஸ் துரை கூடவே நடந்து வந்தார், நான் சாமியின் பையைத் தூக்கினேன். ஒவ்வொரு குழியாக யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவருக்கு அந்தக் குழி. முதல் இரண்டை டைரக்டர் எடுத்தார். சாமியின் பந்து பின்னாலேயே பதுங்கியது. மூன்றாவதில் காயலை ஒட்டி நேராக நின்று அடித்து ஒன்றை மீட்டார், நான்காவதில் இன்னொன்றை. பிறகு அவர் ஒன்று, இவர் ஒன்று. கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம்.

அந்தக் குழியில் டைரக்டர் ஐந்தாவது அடியில் பந்தைப் போட்டு முடித்தார். சாமிக்கு இது நான்காவது. பந்து குழியிலிருந்து ஒரு கை நீளத்தில் இருந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்தால், போட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று எதிராளி விட்டுக்கொடுப்பது உண்டு. டைரக்டர் விட்டுக்கொடுக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றார். தவறவிட்டால் ஆட்டம் சமம், பெரியவருக்கும் மரியாதை, இவருக்கும் மரியாதை. இருபது வருஷத்துப் பழக்கம் சாமியின் காதில் என்ன சொல்லிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அனுமதி ஒரு பேச்சுதான். "சாமி, இது உங்க பந்து" என்றேன்.

அவர் உடனே தட்டிவிடவில்லை. குனிந்து ஒரு சிறு சருகை எடுத்துப் போட்டார். குழிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார், இந்தப் பக்கம் வந்து குந்திப் பார்த்தார். டைரக்டர் காலை மாற்றி நின்றார். காயலில் போட்டு சங்கு ஊதியது. சாமி யாரையும் பார்க்கவில்லை, யாருக்காகவும் அவசரப்படவில்லை. துரைமார்களை நிற்க வைத்துவிட்டு அவர் தன் நேரத்தை எடுத்துக்கொண்டார். ஹார்க்னஸ் துரை வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டார்.

குழிக்குள் இருக்கும் தகரக் குவளையில் பந்து விழுந்த சத்தம் கேட்டது.

எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. கூடவே இந்த மனிதர் போய்விடுவார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஒரு பந்தைப் போட்டதற்காக வேலை கொடுத்தார்கள் என்று சொன்னால் அது புளுகு. சாமியின் வேலை அவர்களுக்குத் தெரியாததா? ஆனால் டைரக்டர் ஹார்க்னஸ் துரையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "என்னையே காக்க வைத்துவிட்டார். தோட்டத்துத் துரைகளை யாராவது காக்க வைத்தால்தான் சரிப்படும்."

டிசம்பரில் அவர்கள் புறப்பட்டார்கள். ஸ்டேஷனில் விசாலம் அம்மாவை நாற்காலியில் வைத்து ரயிலில் ஏற்றினோம். முகம் நீலம் பாரித்திருந்தது. என்னிடம் ஏதோ சொல்லத் தொடங்கி, "ராவுத்தரே" என்பதற்கு மேல் வரவில்லை. சாமி என் கையைப் பிடித்தார். பிடி தளர்வாக, நான் சொல்லிக்கொடுத்தது போலவே இருந்தது. "போய்ட்டு வரேன் ஓய்" என்றார். வரமாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

அதன் பிறகும் நான் முதல் போட்டில்தான் போனேன். வேறு போட்டு எனக்குப் பிடிக்கவில்லை. எத்தனையோ பேர் கற்றுக்கொள்ள வந்தார்கள், அவரைவிட நன்றாக ஆடுகிறவர்களும் வந்தார்கள். அவர்கள் எல்லாரும் ஆட்டத்தின் மேல் ஆசைப்பட்டு வந்தவர்கள். போட்டில் என் பக்கத்து இடத்தில் மீன்கூடையோ, வைப்பின் தீவுக்குப் போகிறவர் யாராவதோ இருப்பார்கள். கோயமுத்தூரிலும் மைதானம் இருக்கும், அங்கே இந்நேரம் சாமி தோட்டத்துத் துரைகளை ஒரு வழி பண்ணிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அங்கே அவருக்குப் பை தூக்குகிறவன் யாரோ என்று பொறாமையாகக்கூட இருக்கும்.

சில வருஷம் கழித்து, ஹார்க்னஸ் துரையும் கப்பலேறிப் போன பிறகு, என் தங்கை மகள் கல்யாணத்துக்காகக் கோயமுத்தூர் போனேன். விசாரித்து விசாரித்துச் சாமி வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் நின்றவர் என்னைக் கண்டதும் அப்படியே கட்டிக்கொண்டார். தலை நரைத்துவிட்டது. உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி ஆட்டத்தைப் பற்றித்தான்.

"களியா? இல்லை ராவுத்தரே. இங்க வந்து மட்டையே தொடலை" என்றார். "தோட்டத்துத் துரைமாரெல்லாம் ஆபீஸுக்கே வந்துடறா. அதுவுமில்லாம, நீர் இல்லாம எந்தக் களி ஓய்?"

அதற்குள் உள்ளேயிருந்து விசாலம் அம்மா ஒரு கையில் இரண்டு டம்ளரோடு வேகமாக வந்தார்கள். எனக்கு முன்னால் அதை வைத்த கையோடு, அவரைக் காட்டிச் சொன்னார்கள்:

"இதைக் கேளுங்கோ ராவுத்தரே, இவர் இன்னிவரைக்கும் விடிகாலம் எழுந்து குளிச்சு விபூதி இட்டுண்டு குடையும் எடுத்துண்டு வாசல்ல போய் நிக்கறார், எங்கே போறேள்னு கேட்டா முழிக்கறார், இந்த ஊர்ல காயல் ஏது போட்டு ஏது, அப்படி இருக்க முடியலைன்னா ராவுத்தரையும் கூட்டிண்டு வந்திருக்கலாமோன்னோன்னு நானும் நித்தம் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயாச்சு!"

நடுவில் அவர்கள் மூச்சு வாங்க ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை.